பூனைக்கு வேலி கட்டுவது யார்?

1991-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சுற்றுலா விருது விழாவுக்கு ஜான் வாம்ஸ்லி தலையில் ஒரு தொப்பியோடு வந்தார். பூனைத் தோலில் செய்த தொப்பி. பூனையின் முகம் அப்படியே அவருடைய நெற்றிக்கு மேல் உட்கார்ந்திருந்தது. படம் பத்திரிகைகளில் வந்ததும் பூனை வளர்ப்பவர்கள் கொதித்துப் போனார்கள். வாம்ஸ்லி கணிதக்காரர், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். அவர் சொல்ல வந்தது எளிமையான விஷயம்தான்: இந்தக் கண்டத்துக்கே உரிய சிறு விலங்குகளைத் தின்று தீர்ப்பது பூனை, அதை வெளியே நிறுத்தாமல் எந்தக் காட்டைக் காப்பாற்றியும் பயனில்லை.

பேச்சோடு அவர் நிற்கவில்லை. அடிலெய்டு நகரத்தை ஒட்டிய மலைப்பகுதியில் 1969-இல் ஒரு பழைய பால்பண்ணையை வாங்கி, அதைச் சுற்றிப் பூனையும் நரியும் ஏற முடியாத வேலி போட்டார். வாராவாங் என்று பெயர். உள்ளே உள்ளூர் மரங்களை நட்டு, அந்தப் பக்கத்தில் காணாமல் போயிருந்த சிறு கங்காரு வகைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை பெருகின. ஒரு தனி மனிதர் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி, அரசாங்கத்தால் காப்பாற்ற முடியாத விலங்கைக் காப்பாற்றிக் காட்டினார். ஆஸ்திரேலியாவின் தனியார் காப்பகங்களைப் பற்றிப் பேசும் யாரும் இந்த வேலியைத் தாண்டிப் போக முடியாது.

ஏன் வேலி? வேறு நாடுகளில் காப்பகம் என்றால் வேட்டையைத் தடுப்பது, மரம் வெட்டுவதைத் தடுப்பது. மனிதனை வெளியே வைத்தால் மிச்சத்தைக் காடு பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. ஆஸ்திரேலியாவில் அந்த நம்பிக்கை பொய்த்துப் போனது. ஐரோப்பியர் குடியேறிய 1788-க்குப் பிறகு அந்தக் கண்டம் 30-க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்களை இழந்திருக்கிறது. உலகில் வேறு எந்த நாடும் இந்தக் காலத்தில் இத்தனை பாலூட்டிகளைத் தொலைக்கவில்லை. அவற்றில் பல, மனித நடமாட்டமே குறைந்த பாலைநிலத்தில் அழிந்தவை. கோடாரி போகாத இடத்தில்தான் கொள்ளை போயிருக்கிறது.

அழிந்தவற்றின் பட்டியலைப் பார்த்த ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ஏறக்குறைய 35 கிராமிலிருந்து ஐந்தரைக் கிலோ வரை எடையுள்ளவைதான் அதிகம் அடிபட்டிருக்கின்றன. சுண்டெலியைவிடச் சற்றுப் பெரியதில் தொடங்கி ஒரு குண்டுப் பூனை அளவு வரை என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலுள்ள பெரிய கங்காருகள் இன்றும் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. நடுவில் இருப்பவைதான் பூனைக்கும் நரிக்கும் வாய்க்கு ஏற்ற கவளம்.

பூனை கப்பல்களில் வந்தது. செந்நரியை, வேட்டைப் பொழுதுபோக்குக்காக, 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் வேலை மெனக்கெட்டுக் கொண்டுவந்தார்கள். 1859-இல் விக்டோரியாவில் ஒரு பண்ணைக்காரர் சுடுவதற்காக முயல்களை அவிழ்த்துவிட்டார். அவை கண்டம் முழுக்கப் பரவி, நரிக்கும் பூனைக்கும் வற்றாத சாப்பாடாக ஆயின. காட்டிலேயே பிறந்து காட்டிலேயே வேட்டையாடி வாழும் பூனைகள் இன்று ஆஸ்திரேலிய நிலப்பரப்பில் 99 சதவீதத்துக்கும் மேல் பரவியிருக்கின்றன. அவற்றின் எண்ணிக்கை வறட்சி ஆண்டில் 21 லட்சம், நல்ல மழை ஆண்டில் 63 லட்சம் வரை போகும் என்பது 2017-இல் வந்த மதிப்பீடு. தேசியப் பூங்கா என்று பலகை நட்டால் பூனைக்குப் படிக்கத் தெரியவா போகிறது?

அங்கே பிழைத்தவை பெரும்பாலும் தற்செயலாகப் பிழைத்தவை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்னியர், டோர் தீவுகளுக்குப் பூனையும் நரியும் போய்ச் சேரவில்லை. அதனால் வளை தோண்டும் பெட்டாங் என்ற சிறு கங்காரு வகை போன்ற சில இனங்கள் அங்கே மிஞ்சின. நம்பாட் பிழைத்த கதை இன்னும் விசித்திரம். முதுகில் வெள்ளைப் பட்டைகள் கொண்ட, அணிலைவிடப் பெரிய பிராணி இது. பகலில் நடமாடி ஒரு நாளைக்கு 20,000 கரையான்கள் வரை தின்னும். கண்டத்தின் தென்பகுதி முழுக்க இருந்தது, கடைசியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் டிரையாண்ட்ரா, பெரப் என்ற இரண்டு காட்டுத் துண்டுகளில்தான் மிஞ்சியது. அந்தக் காடுகளில் ஒரு நச்சுச் செடி வளர்கிறது. அதிலுள்ள ஃபுளூரோஅசிடேட் ஆடுகளைக் கொன்றுவிடும் என்பதால் அந்த மண்ணைத் திருத்திப் பண்ணையாக்க யாரும் ஆசைப்படவில்லை. அங்கேயே பரிணமித்த உள்ளூர் விலங்குகளுக்கு அந்த நஞ்சைத் தாங்கும் சக்தி உண்டு. வந்தேறி நரிக்குக் கிடையாது. இன்று அரசும் காப்பகங்களும் நரிக்கு இரையில் கலந்து வைக்கும் '1080' என்ற நஞ்சும் அதே வேதிப்பொருள்தான்.

வேலிக்கு வருவோம். பார்த்தால் கோழிப்பண்ணை வலை போலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஏறக்குறைய 1.8 மீட்டர் உயரம். உச்சியில் வலை வெளிப்பக்கமாக வளைந்து, பிடிமானம் இல்லாமல் தொளதொளவென்று தொங்கும்; ஏறி வரும் பூனை அதைப் பற்றியதும் அது கீழே சாயும், பூனை மல்லாக்க விழும். இறுக்கமாகக் கட்டியிருந்தால் அதன்மேல் நடந்தே உள்ளே வந்துவிடும். நடுவில் மின்கம்பிகள். அடியில் வலை நின்றுவிடாமல் தரையோடு தரையாக வெளிப்பக்கம் விரிந்து கிடக்கும், ஏனென்றால் நரி வேலியின் அடிவாரத்தில்தான் தோண்டும். பின்னால் நகர்ந்து தோண்ட அதற்குத் தோன்றாது. இதையெல்லாம் பூனையும் நரியும் தோற்கடித்துத் தோற்கடித்துத்தான் மனிதர்கள் கற்றுக்கொண்டார்கள்.

இப்படி ஒரு வேலியைக் கட்டி முடிப்பது பாதி வேலைகூட இல்லை. மரக்கிளை விழும், வெள்ளத்தில் மண் அரிக்கும், கங்காரு மோதும், மணல் குவிந்து வேலியின் உயரத்தைக் குறைக்கும். கிலோமீட்டர் கணக்கில் யாராவது வண்டியில் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே ஒரு நரி ஓர் இரவு உள்ளே புகுந்தால் பத்து வருட உழைப்பு போச்சு. நிலம் வாங்குகிறவர்களைப் பற்றித்தான் செய்தி வருகிறது. தினமும் வேலியைச் சுற்றி வருகிறவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தத் துறையின் உண்மையான கேள்வி என்பது என் எண்ணம். அந்தக் கேள்விக்கு இதுவரை மூன்று விதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்.

முதல் பதில் வாம்ஸ்லியுடையது: வியாபாரம். காட்டைப் பார்க்க வருகிறவர்கள் கட்டணம் கட்டட்டும், பங்குதாரர்கள் முதலீடு செய்யட்டும். அவருடைய 'எர்த் சாங்சுவரீஸ்' நிறுவனம் 2000-இல் ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் ஏறியது. வனவிலங்குப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது உலகிலேயே அதுதான் முதல் முறை என்றார்கள். அதன் கணக்குப் புத்தகத்தில் விலங்குகளும் சொத்தாக ஏறின. திராட்சைத் தோட்டத்துக்கும் ஆட்டு மந்தைக்கும் போட்ட கணக்கியல் விதியை வைத்து அரிய விலங்குகளுக்கு மதிப்புப் போட்டார்கள். சிக்கல் என்னவென்றால், ஆட்டை விற்கலாம், நம்பாட்டை விற்க முடியாது. சட்டப்படி அது அரசுக்குச் சொந்தம். விற்க முடியாத சரக்கு பெருகப் பெருகக் காகிதத்தில் லாபம் கூடும், கையில் காசு வராது. வேலிச் செலவோ கையிலிருந்து போக வேண்டியது. இரண்டே ஆண்டுகளில் நிறுவனம் காப்பகங்களை விற்க ஆரம்பித்தது.

வாங்கியவர்கள் இரண்டாவது பதிலைக் கையில் வைத்திருந்தார்கள்: நன்கொடை. மார்ட்டின் காப்லி என்பவர் இங்கிலாந்தில் காப்பீட்டுத் துறையில் சம்பாதித்தவர். 1991-இல் பெர்த் நகருக்கு வெளியே கராகாமியா என்ற இடத்தை வாங்கி, வாம்ஸ்லி பாணியில் வேலி போட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'ஆஸ்திரேலியன் வைல்ட்லைஃப் கன்சர்வன்சி' என்ற அறக்கட்டளை. 2002-இல் அது வாம்ஸ்லியின் நிறுவனத்திடமிருந்து ஸ்காட்டியா, யூக்கமுரா காப்பகங்களை வாங்கியது. நியூ சவுத் வேல்ஸின் மேற்கு மூலையிலுள்ள ஸ்காட்டியா 64,000 ஹெக்டேர். அதற்குள் வேலியிட்ட பகுதி மட்டும் 8,000 ஹெக்டேர். வாம்ஸ்லி வியாபாரத்தில் தோற்றார். அவருடைய வேலி தோற்கவில்லை. அதே வேலிக்குள், வேறு பணத்தில், அதே விலங்குகள் தொடர்ந்து பெருகின. இன்று அந்த அறக்கட்டளை சொந்தமாகவும் கூட்டாகவும் பார்த்துக்கொள்ளும் நிலம் 60 லட்சம் ஹெக்டேருக்கும் மேல்.

நம்மூர் நில உச்சவரம்புச் சட்டம் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும்: ஒருவரே இத்தனை நிலத்தை எப்படி வாங்குகிறார்? பெரும்பாலும் வாங்குவது கிரயப் பத்திரம் இல்லை, குத்தகை. ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் பெரும்பகுதி, மாடும் ஆடும் மேய்க்க அரசு நீண்ட காலத்துக்கு விட்ட மேய்ச்சல் குத்தகை நிலம். ஒரு பண்ணையே ஒரு மாவட்டம் அளவுக்கு இருக்கும். அந்தக் குத்தகையைத்தான் அறக்கட்டளைகள் கைமாற்றிக்கொள்கின்றன. 2013 வரை, அறக்கட்டளை ஒரு நல்ல நிலத்தை அடையாளம் காட்டினால் விலையில் மூன்றில் இரண்டு பங்கு வரை மத்திய அரசே கொடுக்கும் திட்டம் ஒன்றும் இருந்தது. 'தனியார்' காப்பகம் என்ற சொல்லில் பாதி அரசுப் பணம் ஒளிந்திருந்த காலம் அது.

எல்லாரும் வேலி போடுவதில்லை. 1990-இல் டாஸ்மேனியாவைச் சேர்ந்த பாப் பிரவுனுக்கு கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. பரிசுத் தொகை 49,000 அமெரிக்க டாலர். லிஃபி பள்ளத்தாக்கில் மரக் கம்பெனி கைக்குப் போகவிருந்த இரண்டு காட்டுத் துண்டுகளுக்கு அதை முன்பணமாகக் கட்டினார். மீதிக்குக் கடன் வாங்கி, ஊரிடம் கை நீட்டினார். 'புஷ் ஹெரிடேஜ்' என்ற அமைப்பு பிறந்தது இப்படித்தான். இவர்களுடைய கவனம் நிலத்தின் மேல். குயின்ஸ்லாந்தின் மேற்கில் இவர்கள் 2016-இல் வாங்கிய புல்லன் புல்லன் 56,000 ஹெக்டேர். காரணம் ஒரு பறவை. இரவுக்கிளி. பல பத்தாண்டுகளாக அது உயிரோடு இருக்கிறதா என்றே தெரியாமல் இருந்து, 2013-இல் அந்தப் பக்கத்தில் படம் பிடிக்கப்பட்டது. அதற்கு முன் 1990-இலும் 2006-இலும் கிடைத்தவை இறந்த உடல்கள் மட்டும்; 2006-இல் கிடைத்தது முள்கம்பியில் மோதி இறந்ததாகக் கருதப்படுகிறது. எனவே ஓரிடத்தில் வேலி போட்டுக் காப்பாற்றுகிறார்கள் என்றால், இங்கே முள்கம்பியைப் பிடுங்குவதும் காப்பாற்றும் வேலைதான்.

வடமேற்கில், கிம்பர்லியில், காப்லியின் அறக்கட்டளைக்காரர்கள் இன்னொரு பாடம் படித்தார்கள். மார்னிங்டன் என்ற பழைய மாட்டுப் பண்ணையில் மாடுகளை வெளியேற்றியதும் எலிகளும் சிறு பைப்பாலூட்டிகளும் கூடின. மாடு எங்கே, எலி எங்கே? புல் உயரமாக இருந்தால் எலிக்கு மறைவு உண்டு. மாடு மேய்ந்தோ தீ எரித்தோ தரை மொட்டையானால் பூனைக்குக் கொண்டாட்டம். கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டை கட்டிய பூனைகளைப் பின்தொடர்ந்தபோது, அவை தம் எல்லையை விட்டுப் பத்து கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, புதிதாக எரிந்த நிலத்தைத் தேடிப் போய் வேட்டையாடியது தெரிந்தது. அதனால் அங்கே காப்பக ஊழியர்களே தீ வைக்கிறார்கள். மழைக்காலம் முடிந்த கையோடு, புல் பாதி ஈரமாக இருக்கும்போது, ஹெலிகாப்டரிலிருந்து சின்னச் சின்னத் தீக்குண்டுகளைப் போட்டுத் துண்டு துண்டாக எரித்துவிட்டால், வறண்ட பருவத்தின் கடைசியில் வரும் பெருந்தீ அந்த இடைவெளிகளில் நின்றுவிடும். பக்கத்துப் பண்ணைகளும் பூர்வகுடிச் சமூகங்களும் இதில் சேர்ந்திருக்கின்றன. தீக்குப் பத்திர எல்லை தெரியாதே.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. பூர்வகுடி மக்கள் நடந்து போகும் வழியெல்லாம் சிறுசிறு தீ வைத்துக்கொண்டே போனவர்கள். அவர்களை நிலத்திலிருந்து பெயர்த்து மிஷன்களிலும் குடியிருப்புகளிலும் உட்கார வைத்தபின்தான் பெருந்தீ வழக்கமானது. மாலா என்ற முயல் அளவுக் கங்காரு இந்த மாற்றத்துக்கு நேரடிச் சாட்சி. தனாமி பாலைவனத்தில் கடைசியாக இரண்டு கூட்டங்கள் மிஞ்சியிருந்தன. ஒன்றை 1987-இல் நரி முடித்தது. மற்றொன்றை 1991-இல் ஒரு காட்டுத்தீ முடித்தது. முன்பே சில மாலாக்களைப் பிடித்து வளர்த்து வைத்திருந்ததால் அந்த வழி முற்றாக அற்றுப் போகவில்லை.

அந்த மாலா திரும்பி வந்த இடம் நியூஹேவன். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வடமேற்கே 350 கிலோமீட்டர் தள்ளி, செம்மணல் மேடுகளும் ஸ்பினிபெக்ஸ் புல்லுமாகக் கிடக்கும் 2,60,000 ஹெக்டேர். 2018-இல் அங்கே 44 கிலோமீட்டர் நீள வேலி முடிந்தது. உள்ளே 9,400 ஹெக்டேர். உள்ளே மாட்டிக்கொண்ட பூனைகளைப் பிடிக்க வேண்டுமே! பொறியும் கேமராவும் ஒரு பக்கம். வார்ல்பிரி மக்களின் தடம் பார்க்கும் கண் இன்னொரு பக்கம். மணலில் ஒரு பாதத் தடத்தைப் பார்த்து, இது நேற்றிரவா இன்று காலையா, ஆணா பெண்ணா, வயிறு நிறைந்து நடந்ததா பசியோடு நடந்ததா என்று படித்துக்கொண்டே மணிக்கணக்கில் பின்தொடர்கிறவர்கள் அவர்கள். 2019-இல் மாலாவை உள்ளே விட்டார்கள். மாலா அந்தப் பக்கத்து மக்களுக்குக் காணாமல் போன வெறும் விலங்கு இல்லை. உலுரு பாறையின் பூர்வ கதைகளில் வரும் மூதாதை.

இதுதான் மூன்றாவது பதில், என் பார்வையில் மற்ற இரண்டையும்விடப் பலமானது: அந்த நிலத்தின் மக்களையே அங்கே வேலைக்கு வைப்பது. ஆஸ்திரேலியாவின் தேசியக் காப்பக அமைப்பில் ஏறக்குறைய பாதிப் பரப்பு இன்று பூர்வகுடிப் பாதுகாப்புப் பகுதிகள். முதலாவது, தெற்கு ஆஸ்திரேலியாவின் நாந்தவரினா, 1998-இல் அறிவிக்கப்பட்டது. நன்கொடையாளர் நகரத்தில் இருப்பார். அவருடைய ஆர்வம் பத்தாண்டில் வேறு பக்கம் போகலாம். நிலத்தைப் பாட்டன் சொத்தாகப் பார்க்கிறவர் அங்கேயேதான் இருப்பார். ஆனாலும் காவலர்களின் சம்பளம் அரசு ஒதுக்கீட்டை நம்பியிருக்கிறது, அது வேறு கவலை.

தனியார் காப்பகத்தின் பெரிய பலவீனம் பூனை இல்லை, பத்திரம். நிலம் உங்களுடையது, நிலத்துக்கு அடியில் உள்ளது அரசுடையது. நிலத்தின்மேல் "இனி யாரும் இங்கே மரம் வெட்டக் கூடாது" என்று நிபந்தனையைப் பதிந்து வைக்கலாம். நம்மூர் மொழியில் சொன்னால் நிலத்துக்கு வேண்டுமென்றே ஒரு வில்லங்கத்தை ஏற்றுவது. நிலத்தை விற்றாலும் வாங்குகிறவரை அது கட்டும். சுரங்க அனுமதியை அது கட்டாது. குயின்ஸ்லாந்தின் பிம்பிள்பாக்ஸ் இதற்கு உதாரணம். 2000-இல் சிலர் சேர்ந்து, மத்திய அரசின் உதவியோடு, 8,000 ஹெக்டேர் காட்டை வாங்கினார்கள். மாநில அரசுடன் ஒப்பந்தம் போட்டு அதை இயற்கைப் புகலிடமாகவும் பதிந்தார்கள். பின்னால் பார்த்தால் அடியில் நிலக்கரி. வாரட்டா கோல் என்ற நிறுவனம் திட்டத்தோடு வந்து நின்றது. காப்பதற்கு அரசு பணம் கொடுத்த அதே காடு! பல ஆண்டுகள் இழுத்த பின் 2022 நவம்பரில் குயின்ஸ்லாந்து நில நீதிமன்றம், அனுமதி கொடுக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. காடு பிழைத்தது, ஆனால் அதைக் காத்தது காப்பகம் என்ற பதிவு அல்ல, வழக்கு.

பரப்பளவையும் பார்த்துவிடலாம். 2018-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, பூனையும் நரியும் இல்லாத வேலிக் காப்பகங்கள் 17, தீவுகள் 101. குறைந்தது 13 பாலூட்டி வகைகள் அழியாமல் தப்பியது இந்த இடங்களால்தான் என்று அது சொன்னது. பெரிய சாதனை. ஆனால் அந்த 17 வேலிகளுக்குள்ளும் இருந்த மொத்த நிலம் 346 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி 426. கண்டமோ 77 லட்சம் சதுர கிலோமீட்டர். வேலியால் ஓர் இனத்தைக் காப்பாற்றலாம். நிலத்தை அப்படிக் காப்பாற்றிவிட முடியாது. வாய்லி என்ற சிறு பெட்டாங் காளான் தேடி ஓர் ஆண்டில் ஏறக்குறைய 5 டன் மண்ணைக் கிளறிப் போடும். அந்தக் குழிகளில்தான் மழைநீர் இறங்கும், இலை மக்கும், விதை முளைக்கும். இப்படிக் கோடிக்கணக்கில் உழுதுகொண்டிருந்த பிராணிகள் போன பிறகு, வேலிக்கு வெளியே இருப்பது பார்க்கக் காடு. உள்ளே உழவன் இல்லாத வயல்.

அப்புறம், வேலி தனக்கென்று ஒரு வியாதியையும் கொண்டுவருகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் ராக்ஸ்பி டவுன்ஸ் சுரங்க ஊருக்குப் பக்கத்தில் 1997-இல் 'அரிட் ரெகவரி' என்ற காப்பகம் தொடங்கியது. சுரங்க நிறுவனம், மாநில அரசு, அடிலெய்டு பல்கலைக்கழகம், ஊர்க்காரர்கள் என்று நால்வர் கூட்டு. முப்பது பெட்டாங்குகளை உள்ளே விட்டார்கள். பிடித்துத் தின்ன யாரும் இல்லை. சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் பெருகிச் செடிகளைக் கடித்து மொட்டையாக்கிவிட்டன. இன்னொரு தொல்லை: பூனையையே பார்க்காமல் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த பிராணிக்குப் பூனை என்றால் பயமே வருவதில்லை. எனவே அங்குள்ள ஆய்வாளர்கள், முப்பது வருடத்துக்கு முன் சொல்லியிருந்தால் வாம்ஸ்லி தொப்பியைக் கழற்றி அடித்திருக்கக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தார்கள். வேலிக்குள் ஒரு பகுதியில் கொஞ்சம் பூனைகளை வேண்டுமென்றே விட்டு, பில்பி என்ற நீண்ட காதுப் பிராணிகளையும் பெட்டாங்குகளையும் அவற்றோடு வாழப் பழக்கினார்கள். பூனையோடு சில காலம் இருந்த பில்பிகள், இல்லாதவற்றைவிட உஷாராக இருந்தன. பூனை உள்ள வேறிடத்தில் கொண்டுபோய் விட்டபோது பிழைத்ததும் அவைதான் அதிகம்.

பெருத்துப்போன பெட்டாங்குகளுக்கு வேலியில் ஒரு கதவு வைத்துப் பார்த்தார்கள். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காது. இடம் போதாதவை தாமாகவே வெளியே போகலாம். திரும்பி வர முடியாது.